தோற்பதற்குத் தகுதியான புரோகிராம்

மனிதன் கணினியை வென்றதற்கான கேடயத்தில் செஸ் சாம்பியன் குலசேகரனின் பெயரை முன்கூட்டியே பொறித்துவிட்டார்கள். அவரோடு மோதப்போகும் புரோகிராமைத் தேர்ந்தெடுப்பது ஒன்றுதான் பாக்கி. தேர்வுக்குழு கூடி, முன்மொழிந்து, வழிமொழிந்து, ஏழு புரோகிராம்கள் ஏற்றிய கணினியோடு சாம்பியனை ஓர் அறைக்குள் விட்டு வெளியே பூட்டியது. எது அவரிடம் தோற்கிறதோ அதுவே உலகத்தரம்.

"ரகசியம் வெளிய போயிடக் கூடாது பாருங்க மாஸ்டர்," என்றார் செஸ் சங்கத் தலைவர் பொன்னரசு, பூட்டை இழுத்துப் பார்த்தபடி. "மந்திரி போட்டியைப் பார்க்க நாலு மணிக்கு வந்துடுவாரு."

மூன்று மணிக்குள் குலசேகரன் ஆறு புரோகிராம்களிடம் தோற்றிருந்தார். ஏழாவது, குழந்தைகளுக்கானது. அவர் ஒவ்வொரு காயை நகர்த்தும்போதும் திரையில் தொப்பி போட்ட முயல் ஒன்று கைதட்டியது. இருபதாவது நகர்த்தலில் அவருடைய ராணியை வெட்டிவிட்டு, "அச்சச்சோ! அந்தக் காயைத் திரும்ப ஆடறியா?" என்று கேட்டது.

தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்று சண்டை போட்டே பாதிப் பேரைத் தோற்கடித்தவர் அவர்.

"என்ன மாஸ்டர், ஏதாச்சும் தோத்துச்சா?" வெளியே தலைவர் கதவைத் தட்டினார். "பேண்டு செட்டு வேற வந்துடுச்சு."

"இருங்க தலைவரே. இது பரவாயில்லாம ஆடுது."

குலசேகரன் 'ஆமாம்' என்பதை அழுத்தினார். முயல் ராணியைத் திருப்பித் தந்தது. பிறகு கொஞ்சம் யோசித்து, அவர் கேட்காமலேயே, தன்னுடைய யானைகள் இரண்டையும் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டது.

"இப்ப ஆடு கண்ணு," என்றது.