பன்னிரண்டாவது இடம்

"இன்னிக்கும் பெஞ்சை விட்டு எழுந்திரிக்கலன்னா, இந்த வேலையும் போச்சுன்னு வச்சுக்கங்க!"

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பொரிந்து தள்ளினாள் மனைவி.

மெக்கானிக் ஷூவைத் துடைத்தார்.

"ஆராதனை முடிஞ்சதும் கமிட்டி கூடுது. நம்ம சபை ஸ்கூல் வேன்களைப் பார்த்துக்க ஆள் எடுக்கறாங்க. 'அஞ்சு மாசமா திருவிருந்துக்கே வராத ஆளு'ன்னு யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தா போதும், உங்க பேரை அடிச்சிடுவாங்க. போதகரே என்கிட்ட சொல்லிட்டாரு."

"வேலைக்காகப் பீடத்துக்கு வரச் சொல்றியா?"

"கசப்பை விட்டுட்டு வாங்கன்னு சொல்றேன். எனக்கு மட்டும் கஷ்டம் இல்லையா? நான் போகல?"

அவர் ஷூவை மாட்டிக்கொண்டார்.

ஐந்து மாதத்துக்கு முன்பு வரை அவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். பிரேக் சரியில்லை, வண்டியை வெளியே விடாதீங்க என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். போர்மேன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டி போய்ச் சுவரில் முட்டியது. விசாரணையில், "மெக்கானிக் என்கிட்ட சொல்லவே இல்ல" என்று போர்மேன் ஒரே போடாகப் போட்டார். மெக்கானிக்குக்கு வேலை போனது. அன்றிலிருந்து வீடு ஓடுவது மனைவியின் தையல் மெஷினில்தான்.

அந்தப் போர்மேனும் இதே கோயில்தான். எப்போதும் முதல் பெஞ்சு.

"எங்களுக்கு யார் மேலயும் கசப்பு இல்ல. எல்லாத்தையும் ஆண்டவர் பார்த்துக்குவார்" என்று மனைவி சபைக்கு முன்னால் சாட்சி சொன்னபோது, பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போர்மேன் எதிரே வந்தால்கூடச் சிரித்த முகமாக "ஸ்தோத்திரம்" சொல்லுவாள். இவரோ அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து நேரத்தில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரில் சபை யாரை மெச்சும் என்று கேட்கவே வேண்டாம்.

பீடத்துக்கு முன்னால் உள்ள மரக்கிராதியில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர் முழங்கால் போடலாம். முன் பெஞ்சிலிருந்து வரிசையாகப் போவார்கள். மனைவி எப்போதும் பின்னால் தள்ளித்தான் உட்காருவாள். உட்கார்ந்ததும் தலைகளை எண்ணுவாள். போர்மேன் முதல் பன்னிரண்டில் போய்விடுவார்; இவள் முறை வர நாலு சுற்று ஆகும். எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்டால், "கூட்டம் குறையட்டும்னுதான்" என்பாள்.

அன்றைக்குக் கணக்கு தப்பியது.

இரண்டாம் பாட்டு பாடும்போது போர்மேன் அரக்கப்பரக்க உள்ளே நுழைந்தார். முதல் பெஞ்சில் இடமில்லை. ஆலய ஊழியரான கோயில்பிள்ளை அவருக்குக் கைகாட்டிய இடம், இவர்களுக்கு நேர் முன்னால்.

மனைவி மறுபடி எண்ணினாள். நாலாம் சுற்றில் போர்மேன் பத்தாவது ஆள். பக்கத்தில் இருக்கும் இவர் எழுந்திரிக்கப்போவதில்லை. அப்படியானால் பதினொன்று, நான்!

மூன்று சுற்றும் முடிந்தன. முன் பெஞ்சு எழுந்து நகர்ந்தது.

"ஏங்க," என்று எழப் பார்த்த கணவரின் காதில் கிசுகிசுத்தாள். "இப்ப வேணாம். அடுத்த சுத்துல போகலாம்."

"ஏன்?"

"சொன்னா கேளுங்க. உட்காருங்க."

அவர் அதற்குள் எழுந்து நின்றிருந்தார்.

"ஆத்திரத்தை உள்ள வச்சுக்கிட்டு அங்க போய்க் கை நீட்ட என்னால முடியல. அதான் அஞ்சு மாசமா வரல," என்றார் குனிந்து, மெல்லிய குரலில். "'இந்த மனுஷன் பக்கத்துல முழங்கால் போட என்னைக்கு மனசு வருதோ, அன்னிக்கு வர்றேன்'னு ஆண்டவர்கிட்ட சொல்லியிருந்தேன். தினமும் அதுக்குத்தான் ஜெபம் பண்ணேன். இவ்வளவு கிட்ட அவர் வந்து உட்கார்ந்தும் இன்னிக்கு எனக்குக் கோபம் வரல. உனக்குத்தான் அவர் மேல ஒண்ணுமே இல்லையே. வா."

குத்திக்காட்டவில்லை. மனதார நம்பித்தான் கூப்பிட்டார். அதுதான் அவளைச் சுட்டது.

மெக்கானிக் போய்ப் போர்மேன் பக்கத்தில் முழங்கால் போட்டார். யாரென்று திரும்பிப் பார்த்த போர்மேனுக்கு முகம் வெளிறிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, மெல்ல நகர்ந்து இடம் விட்டார். கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலையைப் பற்றி இனிப் பயமில்லை.

கோயில்பிள்ளை அவளிடம் வந்தார். "அம்மா, இன்னும் ஒரு இடம் இருக்கு. வாங்க."

திராட்சரசப் பாத்திரம் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தது. முதலில் அந்த ஆள் வாய் வைப்பான். பிறகு இவர். பிறகு அதே பாத்திரம் தன்னிடம் வரும்.

அவள் எழுந்திரிக்கப் பார்த்தாள். பெஞ்சை விட்டு எழ மனம் வரவில்லை. சபை முழுவதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. உதட்டில் எப்போதும் தயாராக இருக்கும் அந்தச் சிரிப்பைத் தேடினாள், அதையும் காணோம்.

"இன்னிக்கு நான் வரல," என்றாள்.

ஐந்து மாதத்தில் அந்தக் கோயிலுக்குள் அவள் சொன்ன முதல் உண்மை அது.