தூத்தாத வாசல்

பாலைவனத்துக்கு நடுவுல இருந்த அந்தச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு முத்தரசி நர்ஸா வந்து இருபது நாளாச்சு, ஒரு பொம்பளகூட வைத்தியத்துக்கு வரல. மாசக் கடைசிக்குள்ள யாரும் வரலன்னா பூட்டிருவாங்களாம். அந்தப் பயத்துலயே தினம் விடிஞ்சதும் வாரியலை எடுத்து, வாசல் மணலை வரிவரியா தூத்துப் பெருக்கிருவா. கழுதையில தண்ணி கொண்டுவர்ற ருகியாதான் அதப் பாத்துட்டுச் சிரிச்சா.

"அடியே, தடத்தையெல்லாம் அழிச்சுட்டு ஆள் வரலங்கிறியே! யாருமே மிதிக்காத மணல்ல முதல் ஆளா எவ கால் வைப்பா?"

முத்தரசி வாரியலைத் தூக்கி மூலையில போட்டா. மறுநாள் படி வரைக்கும் வந்து திரும்பிப் போன ஒரு சோடித் தடம். அதுக்கு மறுநாள் மூணு. நாலாம் நாள் கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டே அம்மாகூட போன்ல பேசுனவ, முன்பக்கம் வந்ததும் அப்படியே நின்னுட்டா. ஒரு வெறுங்கால் தடம் உள்ள போயிருக்கு, குதிகால் ஆழமா அமுங்கி, நிறைமாசக்காரி நடை. வெளிய வந்த தடம் இல்ல.

"ஏட்டி, சத்தத்தையே காணோம்? வாசல் தூத்துனியா இல்லையா?" போன்ல அம்மா கேட்டா.

"இல்லம்மா," அந்தத் தடத்த மிதிக்காம சுவரோரமா உள்ள போய்க்கிட்டே சொன்னா, "இனிமே தூத்தவே மாட்டேன்."