நான்காவது வளையம்

அருள்பிரகாஷ் ஆறு மணிக்கு எழுந்து பல் விளக்கி, ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் குடித்துவிட்டு, திருவையாற்று ஃபிளெக்ஸ் கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான். மனைவி ஃபிளோராவின் முதலாமாண்டு நினைவு பேனர் நாளை மாதா கோயில் வாசலில் நிற்க வேண்டும். திரையில் அவள் முகம். இடது பக்கம் ஒட்ட மழித்த தலை, வலது பக்கம் நீலச் சாயம், காதில் நான்கு வளையங்கள். டிசைனர் குந்தவை மவுஸை நகர்த்த நகர்த்த, நீலம் கறுப்பாகி, மழித்த பக்கத்தில் யாருடையதோ கறுப்பு முடி வளர்ந்து தோளில் இறங்குகிறது. "நீளம் போதுமா சார்? இன்னும் விட்டா ஷாம்பு விளம்பரம் ஆயிடும்." அவன் சிரிக்கவில்லை. "மல்லிகைப்பூ வைங்க." "வளையம்?" "எடுத்துடுங்க." ஒவ்வொன்றாக அழிக்கிறாள். நான்காவதில் அவள் கை நிற்கிறது. "பாலத்துக்கடியில ஆடுற பசங்களோட மூஞ்சியெல்லாம் பச்சையும் ஆரஞ்சுமா வரைவாங்களே, அவங்கதானே இவங்க? எங்க தம்பி அந்தப் படத்த ரூம்ல ஒட்டியிருக்கான். தன்னையே வரைஞ்ச படம் ஒண்ணு இருக்குமே சார்?"

"இல்லைங்க."

மடியிலிருக்கும் பையில் ஃபிளோரா படம் வரையும் டேப்லெட் கனக்கிறது. கேட்டால் கொடுக்கலாம் என்றுதான் எடுத்துவந்தான். அதற்குள் இதே மழித்த தலையோடு, பாதி வரைந்த அவள் முகம் இருக்கிறது. கோயிலுக்கு வரும்போதாவது முக்காடு போடு என்று அவளிடம் சொன்ன அதே வாய்தான் இப்போதும் இல்லை என்கிறது. குந்தவை கடைசி வளையத்தையும் அழிக்கிறாள். அவன் பையின் ஜிப்பைத் திறந்து, மூடுகிறான். ஒரு வருடமாக அதற்குச் சார்ஜ் போடவில்லை. விபத்து நடந்த அன்று காலை, வண்டியைக் கிளப்பிக்கொண்டே அவள் சொன்னது அதைத்தான்.

"டேப்பைச் சார்ஜ்ல போட்டு வைங்க. சாயங்காலம் வந்து என் மூஞ்சிய முடிச்சிடுறேன்."