ஜன்னலோர வாழை

பிரம்மநாயகி நட்ட வாழைக்கு அவள் புருஷன் தாலி கட்டினார்.

மஞ்சள் துண்டு கோத்த சரடு, மூன்று முடிச்சு. கட்டிய கையோடு அரிவாளை வாங்கி ஒரே வெட்டு. வாழை சாய்ந்ததும் சிவசைலம் பிள்ளை, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவராகத் தாமிரபரணிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தார். முதல் தாரம் பேதியில் போனபோது முழுகிய அதே படித்துறைதான்.

மூன்றாவது தாலி, கட்டினவனை உயிரோடு விடாதாம். அந்தத் தாலியை ஒரு வாழைக்குக் கட்டி, வாழையைக் கொன்றுவிட்டால் ஆபத்து தீர்ந்தது. வருகிறவள் நாலாவதாகிவிடுவாள். நாளைக்கு ஆழ்வார்குறிச்சியில் கல்யாணம். பெண்ணுக்குப் பதினாலு வயது.

வாழையடி வாழையாக வம்சம் தழைக்க வேண்டும் என்று வாழையை வெட்டியவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஜோசியர் ஐயம்பெருமாள் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். “மூத்தது போச்சு. ரெண்டாவது இருந்தும் இல்ல. மூணாவது இப்பப் போச்சு. இனி என்னவே பயம்?”

அந்த ரெண்டாவது, தண்ணீர்க்குடத்தோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது கொடுத்தது மேற்கு அறை. சாயங்கால வெயிலை எல்லாம் சுவர் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கக்கும். பாயை விரித்தால் அடுப்பில் படுத்த மாதிரி இருக்கும். யாரிடம் சொல்வது? சுவரோரம் வாழைக்கன்றுகளை வைத்தாள். அதற்கு வெளியே மருதாணி வேலி. பாத்திரம் கழுவும் அங்கணத்துத் தண்ணீர் வீணாகாமல் அவற்றின் அடிக்கு வாய்க்கால் இழுத்துவிட்டாள். இலைகள் ஜன்னலை மூடி வளர்ந்தன. இப்போது அந்த வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான்.

வாழை பக்கக்கன்றாகப் போட்டுத் தள்ளியது. “வச்சது போடுது, வச்சவ போடலியே” என்று தெருவில் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

புதுப்பெண்ணுக்கு அந்த அறைதான் என்று பிள்ளை சொல்லிவிட்டார். பிரம்மநாயகி நெல்குதிர் இருக்கும் அறைக்குப் போக வேண்டும். வைத்தவள் ஒருத்தி, நிழல் இன்னொருத்திக்கு. வயிறு எரிந்தது.

குலை தள்ளாத வாழைதான் வேண்டும் என்று தேடி, ஜன்னலுக்கு நேரே நின்றதை ஜோசியர் காட்டியபோது இன்னும் எரிந்தது.

போகும்போது அவர் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். “கெழங்கு கெடந்தா உசுரு கெடக்கும், தாலியும் நெலச்சிரும். பொழுது சாயதுக்குள்ள அதயும் தோண்டி எறிஞ்சிரணும்.”

“நீ வச்சதுதான, நீயே பாத்துக்க” என்றார் பிள்ளை அவளிடம்.

கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் புது ரயிலில் கல்லிடைக்குறிச்சியில் வந்து இறங்கினார்கள். அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டு நிமிர்ந்தபோது வெயில் மேற்கே இறங்கியிருந்தது. வாழை நின்ற சந்து வழியாக நேரே அறைக்குள் போய் அவள் பாயில் விழுந்துகிடந்தது.

மண்வெட்டியும் குடமுமாகப் பின்பக்கம் போனாள்.

காலையில் தட்டையாக வெட்டுப்பட்ட இடத்தின் நடுவில், இரண்டு விரல்கடை உயரத்துக்குக் குருத்து எழுந்து நின்றது. வெளிறிய பச்சை. வெட்டுப்பட்டது தானில்லை என்பதுபோல ஈரமாக இருந்தது.

பிரம்மநாயகி தன் கழுத்துச் சரட்டைத் தொட்டுப் பார்த்தாள். அவருக்கு ஒன்று ஆனால் இதுவும்தான் அறும். நாளைக்கு ஆழ்வார்குறிச்சியில் கட்டப்போவதும் அறும்.

உள்ளேயிருந்து பிள்ளை கேட்டார். “ஏட்டி, கெழங்கத் தோண்டியாச்சா?”

“ஆச்சு” என்றாள்.

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள். சருகை அள்ளிக் குருத்து தெரியாமல் மூடினாள். குடத்துத் தண்ணீரைப் பைய, ஒரு சொட்டு மிச்சமில்லாமல், அதன் அடியில் ஊற்றினாள்.