துண்டு ஆமை

கரீபியன் கடலில் அந்தப் பாய்மரச் சுற்றுலாக் கப்பலின் பயணத்தில் அது கடைசி நாள். மேல்தளத்தில் பயணிகள் பாட்டுப் பாடிக்கொண்டே பாய் இழுத்தார்கள். கீழே பயணி ஹாட்லி அம்மாளின் அறையில் கப்பல் பணியாள் ஆல்டன் படுக்கை விரித்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் கரை இறங்கினதும் வீட்டுக்குப் போறியாமே? கொடுத்து வச்சவன். நான் போய்ப் பனியில விறைக்கணும்."

"ஆமா மேடம்."

"பிள்ளைங்க குதிக்குமே. எத்தனை நாள் லீவு?"

ஆல்டன் தலையணைக்கு உறை மாட்டினான்.

அவள் ஒரு வெள்ளைத் துண்டைத் தூக்கிக் காட்டினாள். "முதல் நாள் என் படுக்கையில நீ துண்டுல மடிச்சு வச்ச ஆமை. அப்படியே ஊருக்குக் கொண்டுபோக ஆசை. பெட்டி மூடலைன்னு இப்பதான் பிரிச்சேன். உள்ள என்ன இருந்துச்சு பாரு."

அவள் விரலில் வைர மோதிரம்.

"போட்டோவுக்காக ஆமைக்கு மாட்டிவிட்டது நான்தான். மடிப்புக்குள்ள போயிருக்கு. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு."

"அதை நான் திருடிட்டேன்னுதான் மேடம் நாளைக்கு என்னை இறக்கி விடுறாங்க. இனிமே எந்தக் கப்பலும் என்னை ஏத்தாது. கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஹாட்லி அம்மாள் கொஞ்ச நேரம் மோதிரத்தைத் திருகினாள்.

"அத்தனை பேர் முன்னாடி கத்திட்டு, இப்பப் போய் எந்த முகத்தோட சொல்றது? ஊர் போய்ச் சேர்ந்ததும் எழுதிப் போடறேன்."

துண்டை அவனிடம் நீட்டினாள்.

"இன்னொரு ஆமை செஞ்சு கொடு. கொஞ்சம் சின்னதா."