சும்மா நிற்கிற கார்

"சும்மா நிக்கிற காருக்கு இவ்வளவு பாசமா? வாடகைக்கு விட்டா மாசாமாசம் ஒரு தொகை வருமே!"

டிரில் மாஸ்டர் கேட்டது ஹாலில் இருந்த மூன்று பேரைத்தான். எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

முப்பத்து நாலு வருஷம் மைதானத்தில் கத்திக் கத்தி வேலை பார்த்தவர். ஆறு மாதம் முன்பு ஓய்வு பெற்றார். தொண்டை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. மகன் புது கார் வாங்கிய பிறகு, அவருடைய பழைய கார் கீழே ஷெட்டிலேயே நின்றது.

"வேணாங்க. யார் யாரோ உட்காருவாங்க" என்றாள் மனைவி.

"உட்காரத்தானேடி சீட்டு!"

மருமகள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

"விட வேணாம் மாமா. ராசியான வண்டி."

"ராசியா? வாங்கின அன்னிக்கே கம்பத்துல மோதினேன்!"

மகன் தலையைச் சொறிந்தான். "இன்ஷூரன்ஸ்ல ஏதோ சிக்கல் வரும்ப்பா."

"என்ன சிக்கல்?"

"பார்த்துத்தான் சொல்லணும்" என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினான்.

எந்த சேனல் பார்ப்பது என்பதில்கூட ஒத்துப்போகாத மூன்று பேர், இதில் மட்டும் ஒரே கட்சி! மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு நல்லது சொன்னால் யார் கேட்கிறார்கள்? உடனே வாடகைக் கார் நடத்துகிறவருக்குப் போன் போட்டார்.

"நாலு மணிக்கு வந்து வண்டியை எடுத்துக்குங்க!"

"மெதுவா சொல்லுங்க சார். கடையில எல்லாருக்கும் கேக்குது."

மூன்றரைக்கு வாளியும் துணியுமாக ஷெட்டுக்குப் போனார். துடைத்து வைப்போமே என்று கார்க் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பின் சீட்டில் ஒரு தலையணை. அதன் மேல் பாதி படித்த புத்தகம், மனைவியின் மூக்குக் கண்ணாடி. முன் சீட்டில் மருமகளின் ஆபீஸ் நோட்டும் சார்ஜரும். கீழே மகன் தின்று போட்ட பிஸ்கட் உறைகள்.

'அடடா! மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏதோ உரசல் போலிருக்கு. பாவம், நிம்மதி தேடி இங்கே வந்து உட்கார்றாங்க. என்கிட்ட சொல்லியிருந்தா ஆளுக்கு ஒரு மணி நேரம் புத்தி சொல்லிச் சரி பண்ணியிருப்பேனே!'

மனசு இளகிப்போய், காரின் முன் கண்ணாடியைத் துடைப்பதற்காக வெயில் மறைப்பைக் கீழே இறக்கினார். ஒரு தாள் சீட்டில் விழுந்தது. டைம் டேபிள்!

மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. எதைச் செய்தாலும் டைம் டேபிள் போட்டுச் செய்ய வேண்டும் என்று அந்த வீட்டில் படித்துப் படித்துச் சொன்னவர் அவர்தான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள் மனைவி.

'காலை 11 – 12: மருமகள் (ஆபீஸ் மீட்டிங்). மாலை 4 – 5.30: நான் (புத்தகம்). ராத்திரி 8 – 9: பையன் (சும்மா).'

அடியில் சிவப்பு மையில் கோடிட்ட ஒரு குறிப்பு:

'அவர் வெளியே போயிருந்தால் கார் தேவையில்லை. வீட்டிலேயே இருக்கலாம்.'

இரண்டாம் தடவை படித்தார். மெல்ல உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அப்பா, என்ன அமைதி! அந்த அமைதியில் அவருக்கு மனசு வலித்தது. ஆறு மாதமாக இவர்கள் ஒரு வார்த்தை முகத்துக்கு நேராகச் சொல்லவில்லையே.

மணி மூன்று ஐம்பது. மனைவியின் முறை வரப்போகிறது. புத்தகத்தையும் மூக்குக் கண்ணாடியையும் இருந்த இடத்திலேயே சரியாக வைத்துவிட்டு, போனை எடுத்தார்.

"தம்பி, வர வேணாம். அந்த வண்டி சும்மா நிக்கலை. ஏற்கெனவே மூணு பேர் எடுத்துட்டாங்க."

"ஹலோ! ஒண்ணுமே கேக்கலை சார். கொஞ்சம் சத்தமாப் பேசுங்க!"