அட்ஜஸ்ட் பண்ணுங்கக்கா

இங்கிலீஷ் வார்த்தைன்னதும் நோட்டும் பேனாவும் எடுத்தாச்சா? மூடி வைங்க, இது சமையக்கட்டு சமாச்சாரம்.

அங்க ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தா. அவகிட்ட சொருகியிருந்த எல்லாருக்கும் அக்கா. "அட்ஜஸ்ட் பண்ணுங்கக்கா"ன்னு ஃப்ரிட்ஜ் சொன்னா, இடம் விடுன்னு அர்த்தம். மிக்ஸி சொன்னா, நான் கத்துவேன், பொறுத்துக்கோன்னு அர்த்தம். ஹீட்டர் சொன்னா, எதுவும் கேக்காதேன்னு அர்த்தம். அக்கா மூணுக்கும் சரின்னுடுவா.

அன்னைக்கு அவளுக்கு உடம்பெல்லாம் கொதிச்சுது. "யாராவது ஒருத்தர் கொஞ்ச நேரம் எறங்குங்களேன்"னு கெஞ்சினா.

"நம்ம அக்காவா இப்படிப் பேசுறது?"ன்னு மிக்ஸி இழுத்துச்சு. "அட்ஜஸ்ட் பண்ணுங்கக்கா"ன்னு மத்த ரெண்டும் சேந்துக்கிச்சு. நல்ல பேரு போயிடுமேன்னு அக்கா வாயை மூடிக்கிட்டா.

கொஞ்ச நேரத்துல ஃப்ரிட்ஜ் மூக்கைச் சுளிச்சுது. "கருகுற வாசனை வருதே, அடுப்புல என்ன?"

செவுத்துல இருந்த பல்லி எட்டிப் பாத்துச்சு. "அடுப்பு இன்னும் பத்தவே வைக்கலையே. உங்க அக்காதான் எரியுறா."